ஃபைபர் கதவில் பழைய பெயிண்டை எடுக்கும்போது

மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கம் பழைய ஜீப்புக்கு ஃபைபர் டாப்பும் ஃபைபர் கதவும் போட்டு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கதவுக்குப் புது பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தகரக் கதவுக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள்.

எங்கள் ஜீப்பின் இடதுபக்கக் கதவை ஒரு பட்டறையில் கொடுத்தோம். பெயிண்ட் ரிமூவரைத் தடவி அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டார்கள். பெயிண்ட் சுருண்டு வந்தது, ஆனால் அடியில் இருந்த ஜெல்கோட்டும், அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சும், ரப்பர் மாதிரி ஆகிவிட்டது, நகத்தை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அதன் மேலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள், மூன்றாவது மாதம் கைப்பிடிக்குக் கீழே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. வலதுபக்கக் கதவை நானே உட்கார்ந்து தேய்த்தேன், அது இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

காரணம் இதுதான். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பிசினான ரெசினும் சேர்ந்தது, அதற்கு மேல் சுமார் அரை மில்லிமீட்டர் ஜெல்கோட். மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவர் பெயிண்டோடு ரெசினையும் இளக்கிவிடும். ஹீட் கன்னும் வேண்டாம், சாதாரண பாலியஸ்டர் ரெசின் 100 டிகிரியை எட்டும் முன்பே இளக ஆரம்பிக்கும், கன்னிலிருந்து வருவதோ பல நூறு டிகிரி. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் இழையே கிளம்பிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். கதவைக் கழற்றி, கைப்பிடி, பூட்டு, ரப்பர் பீடிங், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் வேக்ஸ் ரிமூவரைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாலிஷும் கிரீஸும் உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் இறங்கி, புது பெயிண்ட் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும்.

பெயிண்ட் ஏற்கெனவே உரிகிற இடத்தில் பட்டி தேய்க்கும் தகட்டையோ பிளேடையோ நன்றாகப் படுக்க வைத்துத் தள்ளுங்கள், பொருக்கு பொருக்காக வந்துவிடும். முனையை நிமிர்த்தினால் ஜெல்கோட்டில் கோடு விழும். மீதிக்கு உப்புத்தாள்தான். தடிப்பாக இருந்தால் 120 நம்பரில் ஆரம்பித்து 180, 220, கடைசியில் 320. தாளை ரப்பர் பிளாக்கில் சுற்றித் தேயுங்கள், விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகி, பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் பளிச்சென்று தெரியும். ஓரமும் மடிப்பும் சீக்கிரம் தேய்ந்து போகும் இடங்கள், அங்கே கையை லேசாக விடுங்கள்.

தூளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எங்கே நிறுத்துவது என்று அதுதான் காட்டும். எங்கள் கதவில் முதலில் சிவப்பாக வந்தது, பிறகு பிரைமரின் சாம்பல் நிறம், அதற்குக் கீழே ஜெல்கோட்டின் வெள்ளை. பிரைமர் உறுதியாக ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. ஜெல்கோட்டைத் தாண்டி நூல் நூலாக இழை தெரிந்தால் அதிகமாகத் தேய்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம், அந்த இடத்தை ரெசின் பூசி மூடிய பிறகே பட்டி, பிரைமர்.

மாஸ்க் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கைக்குட்டை போதாது, என்95 மாஸ்க்காவது வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, ஆனால் இழை தெரிகிற இடத்தில் ஈரம் இறங்கும், அப்புறம் இரண்டு நாளாவது நன்றாகக் காயவிட வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் வெளியே வைத்துத் தேய்க்க வேண்டாம், பெயிண்ட் சூட்டில் இளகித் தாளை அடைத்துக்கொள்ளும். காலையில் நிழலில் வைத்துச் செய்யுங்கள்.

தேய்த்து முடித்ததும் தூளைத் துடைத்துவிட்டு, வேக்ஸ் ரிமூவரால் இன்னொரு முறை துடையுங்கள். தின்னரை ஊற்றி ஊறவிடாதீர்கள். அதற்குப் பிறகு வெறுங்கை படாமல், அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். ஆடிக் காற்று மண்ணை வாரி அடிக்கிற நாளாக இருந்தால் மட்டும் கதவைத் துணி போட்டு மூடி வைத்து, காற்று அடங்கிய நாளில் மறுபடி துடைத்து அடியுங்கள்.