மட்டக்களப்பு மணலுக்கு ஒரு ஆர்சி பகி: பெட்டியைத் திறப்பதிலிருந்து முதல் ரேஸ் வரை

கல்லடிக் கடற்கரைப் பக்கம் பின்னேரம் ஒரு ஆர்சி பகியை, அதாவது கரடுமுரடான நிலத்தில் ரிமோட்டால் ஓட்டும் சின்னக் காரை, இறக்கினால் பத்து நிமிடத்தில் சுற்றிவர ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அதில் ஒரு தம்பி கட்டாயம் கேட்பார்: "அண்ணா, மோட்டரை மாத்தினா இன்னும் ஸ்பீடா போகுமா?" போகும். ஆனாலும் நான் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். மோட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். எங்கள் பக்கம் காரை முதலில் கொல்வது மணலும் உப்பும் வெயிலும். இந்த மூன்றையும் சமாளிக்கும் கார்தான் ரேஸை முழுதாக ஓடி முடிக்கும்.

ஆர்சி கார் ஒன்றையும் இதுவரை பூட்டியிராதவருக்காக இதை எழுதுகிறேன். கிட்டோடு (பூட்டாத பாகங்களாக வரும் பெட்டி) வரும் விளக்கப் புத்தகத்தில் இருப்பதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை. அதில் இல்லாததைத்தான் சொல்கிறேன்.

எந்தக் கிட்டை வாங்குவது

நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவில், பின் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கும் பகி ஒன்றை எடுங்கள். ஜப்பானிய நிறுவனமான டமியாவின் டீரீ-03 (DT-03) வகை ஆரம்பத்துக்கு நல்லது. 540 அளவு மோட்டரும், குலுக்கலைத் தாங்கும் நான்கு ஒயில் ஷொக்கும் பெட்டியோடேயே வரும். நான்கு சில்லும் இழுக்கும் ரீரீ-02பி (TT-02B) போன்றவை புழுதி மணலில் ஓட்ட இலகுதான். ஆனால் அதில் டிப்ரன்சியல் (வளைவில் இரு பக்கச் சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்த் தொகுதி) இரண்டு, பெயாரிங்கும் கூட, மணல் புகுகிற இடமும் கூட. பின் இழுவைக் கார் அக்சிலேட்டரை அளந்து கொடுக்கப் பழக்கும். அந்தப் பழக்கம் பிறகு எந்தக் காரை ஓட்டினாலும் உதவும்.

பூட்டியே வரும் மலிவு விளையாட்டுக் காரை ரேஸுக்கென்று வாங்க வேண்டாம். ஒரு கை உடைந்தால் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்காது. கிட்டை வரவழைக்கும்போதே முன் சஸ்பென்ஷன் கைகள் ஒரு சோடியும், ஸ்டியரிங் நக்கிள் (முன் சில்லைப் பிடித்துத் திருப்பும் துண்டு) ஒரு சோடியும் சேர்த்து வரவழைத்துவிடுங்கள். முதல் மாதத்தில் உடைவது இவைதான். பார்சல் இங்கே வந்து சேரும்வரை காரை அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய கவலை. லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியைத் தபாலில் அனுப்பப் பல வெளிநாட்டுக் கடைகள் மறுக்கும். அதை உள்ளூரிலேயே தேடுங்கள்.

ஸ்குரூ ட்ரைவரில் தொடங்குகிறது எல்லாம்

டமியா ஸ்குரூக்கள் ஜப்பான் அளவுச் சிலுவை வெட்டு உள்ளவை. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் ட்ரைவர் அதில் முழுதாக இறங்காது. இறுக்கும்போது மேலே ஏறி வழுக்கி, ஸ்குரூவின் தலையை உருட்டிவிடும். ஜேஐஎஸ் (JIS, அந்த ஜப்பான் தர அளவு) என்று குறித்த ட்ரைவர் ஒன்று வாங்குங்கள்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூவைக் கழற்றித் திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று விழும். பழைய மரையில் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு வலப்பக்கம் இறுக்குங்கள். இப்படிச் செய்தால் பத்துத் தடவை கழற்றினாலும் பிளாஸ்டிக் துளை பெருக்காது. உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்துக்கு மட்டும் திரெட்லொக் (ஸ்குரூ இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு வரும்.

பெயாரிங்: முதல் அப்கிரேட்

ஆரம்பக் கிட்டுகள் பலவற்றில் அச்சு சுழலும் இடங்களில், குண்டுகள் இல்லாத வெறும் வளையமான பிளாஸ்டிக் புஷ்தான் இருக்கும். மணல் புகுந்த பிளாஸ்டிக் புஷ் அரத்தாள் மாதிரி வேலை செய்யும். அச்சும் தேயும், புஷ்ஷும் தேயும், சில்லு ஆடத் தொடங்கும். ஆகவே முதல் தடவை பூட்டும்போதே பெயாரிங் போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால் கியர்பெட்டி முழுவதையும் திரும்பப் பிரிக்க வேண்டிவரும்.

டமியாக் கார்களில் அதிகம் வரும் அளவு 1150. அதாவது உள் விட்டம் 5, வெளி விட்டம் 11, தடிப்பு 4 மில்லிமீற்றர். உங்கள் கிட்டுக்கு எத்தனை தேவை என்பதைப் புத்தகத்தின் பாகப் பட்டியலைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். வாங்கும்போது இரும்பு மூடி உள்ளதை விட்டு ரப்பர் மூடி உள்ளதைக் கேளுங்கள். இரும்பு மூடிக்கும் உள்வளையத்துக்கும் இடையில் மயிரிழை இடைவெளி உண்டு. எங்கள் கடற்கரை மணலின் தூள் அதற்குள்ளே போய்விடும்.

என்னுடைய முதல் காரில் நான்கு சில்லுப் பெயாரிங்கும் ஒரே மாதத்தில் இறுகிப்போயின. ஈர மணலில் ஓட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வைத்ததுதான் காரணம். உப்புத் தண்ணீர் உள்ளே காய்ந்து துருப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அலை வந்து போகும் இடத்தில் நான் காரை இறக்குவதில்லை. நீங்களும் இறக்காதீர்கள்.

கியர்பெட்டியும் டிப்ரன்சியலும்

பூட்டும் முன் பிளாஸ்டிக் கியரில் வெட்டுப் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிறீஸை அளவாகப் பூசுங்கள். மூடி பொருந்தும் விளிம்பில் மெல்லிதாகக் கிறீஸ் ஓட்டிவிட்டால் புழுதி உள்ளே போகாது. மோட்டரை நகர்த்திப் பூட்டும் வசதி உங்கள் கிட்டில் இருந்தால், மோட்டரில் இருக்கும் சின்னக் கியரான பினியனுக்கும் பெரிய கியருக்கும் இடையில் ஒரு கொப்பித் தாள் துண்டை விட்டு, அழுத்தியபடி ஸ்குரூவை இறுக்குங்கள். தாளை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். தாள் கிழியாமல் அலைவடிவ மடிப்போடு வந்தால் அளவு சரி.

டிப்ரன்சியலைக் கையால் சுற்றும்போது சும்மா ஓடினால், வளைவில் உள்பக்கச் சில்லு வீணாகச் சுழலும், கார் முன்னுக்குப் போகாது. உள்ளே தடித்த கிறீஸ் நிரப்பினால் இது குறையும். முழுதாக இறுக்கிவிடவும் கூடாது, இறுக்கினால் கார் திரும்ப மறுக்கும்.

ஷொக்: பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம்

ஷொக் பூட்ட ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கார் குழிகளில் துள்ளாமல் ஓடுவது இதில்தான் தங்கியிருக்கிறது.

தண்டில் ஒரு துளி ஒயில் தடவி ஓ-வளையத்துக்குள்ளே மெதுவாக விடுங்கள். காய்ந்த தண்டு வளையத்தைக் கீறும், பிறகு ஒயில் ஒழுகும். பிஸ்டனைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு சிலிக்கன் ஒயிலை விளிம்புவரை ஊற்றுங்கள். பிறகு பிஸ்டனை மிக மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். குமிழிகள் ஏறிவரும். நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். குமிழி முழுதும் போன பிறகு மூடியைப் பூட்டுங்கள். அழுத்தும்போது 'களுக் களுக்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, திரும்பத் திறக்க வேண்டும். இடது ஷொக்கும் வலது ஷொக்கும் ஒரே வேகத்தில் திரும்பி வரவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அழுத்திப் பாருங்கள்.

வெயில் ஏற ஒயில் இளகும். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று வீசுகிற நாட்களில் நிலம் கொதிக்கும். அப்போது காலையில் சரியாக இருந்த கார் மத்தியானம் துள்ளும். கிட்டில் 400 என்று குறித்த ஒயில் வந்தால் அந்த மாதங்களுக்கு அதைவிடத் தடித்த 500 போட்டுப் பாருங்கள். காரை ஒரு முழ உயரத்திலிருந்து விடுங்கள். விழுந்து, ஒரு தடவை எழும்பி, அப்படியே நின்றால் போதும்.

பற்றரி, மின்சாரம்

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் 7.2 வோல்ட் பற்றரி ஆரம்பத்துக்குப் பாதுகாப்பானது. ரேஸுக்குப் போகும்போது ஹாட்கேஸ் (கெட்டியான வெளியுறை) உள்ள 2எஸ், அதாவது இரண்டு செல், லிப்போ வாங்கலாம். அது சராசரியாக 7.4, முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பற்றரி கெடும். அதனால் உங்கள் ஈஎஸ்சியில் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) லிப்போவுக்குரிய கட்ஓஃப், அதாவது வோல்ட் குறைந்ததும் மோட்டரை நிறுத்தும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டோடு வரும் ஈஎஸ்சி சிலவற்றில் அது இருக்காது. ஹொபிவிங் குவிக்ரன் 1060 போன்றதில் சின்ன ஜம்பரை (இடம் மாற்றிச் செருகும் துண்டு) மாற்றி லிப்போ என்று தெரிவு செய்யலாம்.

4000 மில்லியாம்பியர்-மணி (mAh) பற்றரியை 4 ஆம்பியரில் ஏற்றுங்கள், அதற்கு மேலே வேண்டாம். எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பலன்ஸ் சார்ஜர் கட்டாயம். சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள்ளே வைத்து ஏற்றுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். ஓடாத நாட்களில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கிற வானுக்குள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீங்கின பற்றரியை இன்னொரு தடவை பாவிக்கவே கூடாது.

கனெக்டர் மாற்றி சோல்டர் செய்வதென்றால் பற்றரி வயரில் ஒன்றை மட்டும் வெட்டி, பூட்டி முடித்த பிறகு மற்றதை வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரிக்கோலே ஷோர்ட் ஆக்கிவிடும்.

ஓட்டும்போது முதலில் ரிமோட்டை ஓன் பண்ணுங்கள், பிறகு காரை. நிறுத்தும்போது முதலில் காரை, கடைசியில் ரிமோட்டை.

பொடிக்கு (மேல்கூட்டுக்கு) பெயின்ட்

பொலிகாபனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆன பொடிக்கு உள்பக்கமாகத்தான் அடிக்கவேண்டும். சட்டி கழுவும் சவர்க்காரத்தால் கழுவிக் காயவிட்டு, கண்ணாடிப் பகுதிகளை டேப் போட்டு மறையுங்கள். கறுப்பு முதலில், வெளிர் நிறம் பிறகு. மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை அடியுங்கள். மாரி மழை நாட்களில் அடித்தால் பெயின்ட் வெளுத்துவிடும்.

ரயர்: இரண்டாவது அப்கிரேட்

என் கணிப்பில் ரயருக்குச் செலவழிக்கும் ரூபாய் மோட்டருக்குச் செலவழிப்பதைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். இங்கே நிலம் மூன்று விதம். கல்லடி, நாவற்குடாப் பக்கம் இளகின மணல். பெரும்போகம் வெட்டி முடிந்த வயல், காய்ந்து இறுகின களி. உள்வீதிகளில் கிறவல். மணலுக்கு நீண்ட முள்ளு ரயர். வயலுக்கும் கிறவலுக்கும் கட்டையான, நெருங்கின முள்ளு. பின் இழுவைக் காரின் முன் சில்லுக்கு நீளவாட்டில் வரி ஓடும் ரயர் போட்டால் ஸ்டியரிங் நன்றாகப் பிடிக்கும். எல்லா ரயரையும் ரிம்மோடு சூப்பர் குளுவால் ஒட்டுங்கள். ஒட்டாத ரயர் வளைவில் கழன்றுவிடும்.

வயலில் ஓடுவதென்றால் வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நாங்கள் பழைய மீன்பிடிக் கயிற்றால் வழியைக் குறிக்கிறோம், வரம்பையே ஜம்பாகப் பாவிக்கிறோம். ஓடுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கி ரயர் பிடிக்கும்.

உயரமும் சாய்வும்

பற்றரியோடு காரை நிலத்தில் வைத்து, மேலிருந்து ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பின்பக்க அச்சுத் தண்டுகள் கிட்டத்தட்ட நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்கவேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் மேலே உள்ள வளையத்தைக் கூட்டிக் குறையுங்கள். சில்லை மேலே பிடிக்கும் கம்பியின் நீளத்தை மாற்றும் வசதி இருந்தால், சில்லின் மேல்பக்கம் 1 அல்லது 2 பாகை உள்ளே சாய்ந்திருக்கட்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள்.

ஓட்டப் பழகுதல்

வளவில் இரண்டு தேங்காய் மட்டையை ஐந்து மீற்றர் இடைவெளியில் வைத்து எட்டு வடிவில் ஓட்டுங்கள். கார் எங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகும். கை அதற்குப் பழகும்வரை வேகம் வேண்டாம். மட்டையில் முட்டாமல் பத்துச் சுற்று ஓடமுடிந்தால் ரேஸுக்கு வாருங்கள். கிளப் ரேஸ் பொதுவாக 5 நிமிடம். ஒரு தடவை கவிழ்ந்தால், மார்ஷல் (கவிழ்ந்த காரைத் தூக்கிவிட வளைவில் நிற்பவர்) ஓடிவந்து நிமிர்த்துவதற்குள்ளே வேகமான மோட்டர் தந்த நன்மை போய்விடும். உங்கள் ரேஸ் முடிந்ததும் அடுத்த ரேஸுக்கு நீங்கள்தான் மார்ஷல். காரைத் துடைக்கப் போய்விடாமல் உங்கள் வளைவில் போய் நில்லுங்கள்.

இனி மோட்டர்

இவ்வளவும் செய்து, ஒரு ரேஸில் கவிழாமல் ஐந்து நிமிடம் ஓடிவிட்டீர்கள் என்றால், சரி, இப்போது மோட்டரைப் பற்றிப் பேசலாம். சென்சர் உள்ள 17.5 டேர்ன் பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) மோட்டரும் அதற்குரிய ஈஎஸ்சியும் போதும். டேர்ன் எண் (மோட்டருக்குள்ளே கம்பி சுற்றிய எண்ணிக்கை) குறையக் குறைய வேகம் கூடும், சூடும் கூடும். பூட்டியதும் சின்னப் பினியனில் தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மோட்டரில் விரல் வையுங்கள். மூன்று செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். வெப்பமானி இருந்தால் 80 பாகை செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள்.

ஓடி முடிந்த பின்னேரம்

தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள், பிறகு சைக்கிள் பம்ப்பால் காற்றடியுங்கள். சில்லைக் கழற்றிப் பெயாரிங்கைக் காதுக்குக் கிட்டே வைத்துச் சுற்றுங்கள். கரகர என்றால் குண்டூசியால் ரப்பர் மூடியை மெதுவாக எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, காயவிட்டு, தையல் மெஷின் ஒயில் ஒரே ஒரு துளி விட்டு மூடுங்கள். சேசிஸ் அடியில் உள்ள ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக ட்ரைவர் வைத்துப் பாருங்கள். எப்படியும் இரண்டு இளகியிருக்கும்.