வயிற்றில் குழந்தை அசைவு குறைந்த மாதிரி இருந்தால் என்ன செய்வது?

என் வளைகாப்பு அன்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எனக்கு அது உறைத்தது, காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை அசைந்த ஞாபகமே இல்லை. முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் காய்ந்து இழுக்கும் சந்தனம், வருகிறவர்கள் எல்லாம் வயிற்றைப் பார்த்து பையன், பொண்ணு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கோ உள்ளே இருப்பது அசைகிறதா என்பதே தெரியவில்லை. பெரியம்மாவிடம் காதோடு காதாகச் சொன்னேன். "ஏழு மாசத்துக்கு மேல உள்ள இடம் இருக்காதுடி, அடங்கித்தான் கிடக்கும், ஒரு ஜாங்கிரியை வாயில போடு" என்றார். போட்டேன். அப்புறம் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இடது பக்கமாகப் படுத்தேன். ரொம்ப நேரம் கழித்து சின்னதாக இரண்டு நெளிவு, வழக்கமாக அந்த நேரத்துக்கு விலாவில் வந்து விழும் உதை ஒன்றுகூட இல்லை. வளையலைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மானிட்டர் போட்டார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், குழந்தை நன்றாக இருந்தது. அவள் இப்போது யூகேஜி படிக்கிறாள், அசைவுக்குக் குறைச்சலே இல்லை.

இதைப் படிக்கிற நேரத்தில் உங்களுக்கு 28 வாரம் தாண்டியிருந்து, குழந்தை அசையவே இல்லை என்று தோன்றினால் மிச்சத்தை அப்புறம் படியுங்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்த மாதிரி தண்ணீர் போனாலோ, வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அதுவும் அப்படித்தான், அசைவை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108.

கவலைப்படாதே, மனசை அமைதியாக வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். மற்ற கவலைகளுக்கு அது சரி. இந்தக் கவலைக்கு மட்டும் வீட்டில் மருந்து கிடையாது, ஒருவர் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துச் சொன்னால்தான் அடங்கும். எனவே முதல் வேலை, எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதைத் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்வது.

பெரும்பாலானவர்களுக்கு முதல் அசைவு 16 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் தெரியும். தலைப்பிரசவம் என்றால் 20 வாரம் தாண்டுவது சகஜம், வாயு புரள்கிற மாதிரி இருக்கும், நான் இரண்டு வாரம் முதல் நாள் சாப்பிட்ட பட்டாணி சுண்டலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி 'ஆன்டீரியர்' என்று போட்டிருந்தால் அது வயிற்றின் முன்பக்கம் மெத்தை மாதிரி இருக்கிறது என்று அர்த்தம், ஆரம்பத்தில் உதை மந்தமாகத் தெரியும், அது நோய் இல்லை. அதற்காக, நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த அசைவு திடீரென்று குறைந்தால் "எனக்கு முன்பக்க நஞ்சு, அதனால்தான்" என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது.

அசைவு 32 வாரம் வரை கூடிக்கொண்டே போகும், பிறகு கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். குறையாது. பெரியம்மா சொன்ன "இடம் இல்லாமல் அடங்கிவிடும்" என்பது நம் வீடுகளில் அன்போடு சொல்லப்படும் தப்பான தகவல். படபடவென்ற உதை மாறி, புரளல், தள்ளல், முழங்கையால் இடிப்பது என்று தினுசு மாறலாம். ஆனால் பிரசவ வலி வருகிற நாள் வரைக்கும், வலி வந்த பிறகும்கூட, குழந்தை அசைய வேண்டும்.

குழந்தை தூங்கவும் செய்யும். ஒரு தூக்கம் 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரியும்தான் ஆட்டம் அதிகம். நாம் நடந்துகொண்டு, வேலை பார்த்துக்கொண்டு இருந்தால் பாதி அசைவு நமக்கே தெரியாது. வளைகாப்பு, கல்யாணம், வீடு மாற்றுவது மாதிரியான நாட்களில் இந்தப் பயம் வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சந்தேகம் வந்தால் நான் செய்தது இது. சாப்பிடாமல் இருந்திருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, டிவியை அணைத்து, போனை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கையை வயிற்றில் வைத்துக்கொள்வது. உதை, புரளல், இடிப்பு எல்லாம் கணக்கு. டிக் டிக் என்று ஒரே சீராக வருவது விக்கல், அதைச் சேர்க்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் தனித்தனியாகப் பத்து அசைவு வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி. பத்து வந்தாலும் "இது என் குழந்தையின் வழக்கம் இல்லையே" என்று மனசு சொன்னால் அதற்கும் ஆஸ்பத்திரிதான். இரண்டு மணி நேரம் முடிய வேண்டும் என்றுகூட இல்லை, அரை மணியிலேயே பயம் தொண்டையை அடைத்தால் கிளம்பலாம். பிபி, சர்க்கரை இருப்பவர்கள், குழந்தை எடை குறைவு என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், இரட்டைக் குழந்தை, முன்பு ஒரு குழந்தையை வயிற்றிலேயே இழந்தவர்கள், இவர்கள் எண்ணவே உட்கார வேண்டாம், நேராகப் போய்விடலாம்.

நம்மூரில் பல டாக்டர்கள் வேறு கணக்கும் சொல்வார்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கவனி, ஒவ்வொரு வேளையும் மூன்று அசைவாவது இருக்க வேண்டும் என்று அட்டை கொடுப்பார்கள். உங்கள் டாக்டர் எதைச் சொன்னாரோ அதைப் பின்பற்றுங்கள், இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கையைவிட வழக்கம்தான் முக்கியம் என்பது என் கட்சி. பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தை நாளைக்கு நூறு தடவை உதைக்கிறதாம், உதைக்கட்டும், உங்கள் குழந்தைக்கு ஒரு நேரம், ஒரு பலம் இருக்கிறது, அது ஒரு வாரத்தில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. ஜில்லென்று தண்ணீர் குடி, குளுக்கோஸ் கரைத்துக் குடி, வயிற்றைத் தட்டு, டார்ச் அடி என்று ஆளாளுக்குச் சொல்வதை வரிசையாகச் செய்து பார்த்துக்கொண்டே ராத்திரி முழுவதும் ஓட்டுவது. ஐஸ் தண்ணீர் குடித்தால் நிச்சயம் அசையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, போகிற நேரம்தான் போகிறது. ஆன்லைனில் விற்கிற, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளர் கருவி அதைவிட மோசம். அதில் கேட்கும் துடிப்பு உங்களுடையதாகவே இருக்கலாம், நஞ்சுக்கொடியில் ரத்தம் ஓடும் சத்தமாகவும் இருக்கலாம், பழகிய காது இல்லாமல் வித்தியாசம் தெரியாது. அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிப் போனால்தான் ஆபத்து.

போனில் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். "34 வாரம், தலைப்பிரசவம், நேற்று ராத்திரியிலிருந்து குழந்தை அசைவு குறைவாக இருக்கு." அவ்வளவுதான். "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்று ஆரம்பித்தால் வாயுவுக்கு மாத்திரை சொல்லி வைத்துவிடுவார்கள். எனக்கு 36 வாரத்தில் மறுபடி இதே பிரச்சினை வந்தது, ராத்திரி பத்தரைக்கு. போனை எடுத்தவர் "போன தடவை நார்மல்தானேம்மா, காலைல ஓபிக்கு வாங்க" என்றார். காலை வரைக்கும் உட்காரவில்லை, பைலை எடுத்துக்கொண்டு நேராக லேபர் வார்டு வாசலில் போய் நின்றேன். பனிக்குட நீர் கொஞ்சம் குறைந்திருந்தது, அட்மிட் செய்து இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். முதல் தடவை நார்மல் என்று சொன்னது அந்த நாளுக்கான பதில். மறுபடி குறைந்தால் மறுபடி போக வேண்டும், அதுவும் இரண்டாவது முறை என்றால் டாக்டர்களே கூடுதலாகக் கவனிப்பார்கள், நாள் நெருங்கியிருந்தால் வலி வர வைப்பதைப் பற்றியும் பேசுவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். முதலில் பிபி, வயிற்றைத் தொட்டு அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு. பிறகு வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டுவார்கள், ஒன்று குழந்தையின் இதயத்துக்கு, இன்னொன்று கர்ப்பப்பை இறுகுகிறதா என்று பார்க்க. நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு சாதாரணம். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வரும், அது சில சமயம் நின்று நின்று வரும், குழந்தை நகர்ந்து பெல்ட் விலகினால் அப்படி ஆகும், அந்த ஒரு நொடியில் நமக்கு உயிர் போய்விட்டு வரும், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னால் போதும். கையில் ஒரு பட்டன் கொடுத்தால் அசைவு தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். குறைந்தது 20 நிமிடம், குழந்தை தூங்கினால் 40 நிமிடம்கூட ஆகும். தேவைப்பட்டால் ஸ்கேனில் வளர்ச்சி, பனிக்குட நீர், தொப்புள்கொடியின் ரத்த ஓட்டம் பார்ப்பார்கள்.

போய் ஒன்றுமில்லை என்று வந்தால் வெட்கமாக இருக்குமே என்பதுதான் நிறைய பேரைத் தடுக்கிறது. ஒரு தடவை அசைவு குறைவு என்று வருபவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல்தான் கர்ப்பம் முடிகிறது. அந்த ஏழு பேரில் நாம் ஒருவரா என்பதை வீட்டில் இருந்து கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். மாமியாரோ கணவரோ "நேத்துதானே போனோம்" என்றால் வாதாட வேண்டாம், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் நார்மல் என்று வீட்டுக்கு வந்த பிறகும் சிலருக்கு விடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை வயிற்றுக்குப் போகும், ராத்திரி இரண்டு மணிக்கு போனில் தேடித் தேடி அழுகைக் கதையாகப் படிப்போம். நான் சாயங்காலம் ஏழு மணியைக் கவனிக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டேன், மற்ற நேரத்தில் தானாகத் தெரிகிற அசைவு போதும் என்று விட்டேன், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் படிந்தது. மல்லாந்து தூங்கிவிட்டோமே என்ற பயமும் வேண்டாம். 28 வாரத்துக்குப் பிறகு படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள், நடுவில் முழித்து மல்லாந்திருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்குங்கள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமே இல்லை என்கிற அளவுக்குப் போனால் அதையும் செக்கப்பில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் ஒன்று, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. அதுவரை பார்த்த டாக்டர் ஒரு ஊர், இனி இருக்கப்போவது இன்னொரு ஊர். போன முதல் வாரமே அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிந்துவிடுங்கள், ராத்திரியில் மானிட்டரும் டாக்டரும் இருப்பார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், ராத்திரி எடுக்கிற போன் நம்பர் எது என்று வாங்கி அம்மா போனிலும் போட்டுவையுங்கள். தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் ஒரே பையில், பீரோவுக்குள் வேண்டாம், வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில். எங்கள் வீட்டில் அப்பா அதற்குப் பக்கத்திலேயே ஆட்டோக்காரர் நம்பரையும் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தார், வெள்ளையடித்த பிறகும் அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.