வண்டி நின்ற பிறகு ஓர் இடி: மோட்டார்ஹோமில் எங்கே தேடுவது

சிக்னலில் வண்டி முழுதாக நின்றாயிற்று. ஒரு நொடி கழித்து, பின்னால் யாரோ வந்து முட்டியதுபோல 'டொக்' என்று ஓர் இடி. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-53 சேசிஸில் (அடிச்சட்டத்தில்) கட்டிய பெட்ரோல் மோட்டார்ஹோம், அதாவது வீட்டு வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பலரும் முதலில் கியர்பாக்ஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதை இறக்கச் சம்மதிப்பதற்கு முன், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில், நீளம் கூடிக் குறைய விடும் நழுவு இணைப்பான ஸ்லிப் யோக்கைப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் எழும்பும், பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், ஆக்ஸில் சற்று இடம் மாறும். அந்த நீள வித்தியாசத்துக்காகத்தான் ஸ்லிப் யோக் ஸ்பிளைன் பற்களின் (தண்டின் நீளவாக்கில் வெட்டிய பற்களின்) மேல் உள்ளும் வெளியுமாக நழுவுகிறது. வண்டி நின்றதும் ஸ்பிரிங் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் கியர் 'டி'யில் (டிரைவில்) இருப்பதால் ஷாஃப்ட் முறுக்கத்திலேயே இருக்கும். பற்களில் கிரீஸ் காய்ந்திருந்தால் யோக் சிக்கி நின்று, பிறகு சட்டென்று விடும். இடி அங்கிருந்துதான் வருகிறது.

பின்னால் கார் இழுத்துச் செல்பவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். காரை இழுக்கும் கம்பியான டோ பாரின் ஆட்டமும் இதே மாதிரி முட்டும். பிறகு காலியான சாலையில் மூன்று விதமாக நிறுத்துங்கள். முதலில் வழக்கம்போல 'டி'யில். அடுத்து, மணிக்கு 5 மைலுக்குக் குறைந்ததும் நியூட்ரலுக்கு மாற்றி. கடைசியாக, கைமுறையில் முதல் கியருக்கு (1) இறக்கி. நியூட்ரலிலும் இடித்தால் பிரேக், ஸ்பிரிங் புஷ், யூ போல்ட், தளர்ந்த சாமான் பக்கம் தேடுங்கள். நியூட்ரலில் மறைந்து, 1-இல் திரும்பி வந்தால் ஸ்லிப் யோக்கே முதல் சந்தேகம். வண்டி உருளும்போதே இடித்து, 1-இல் நிறுத்தும்போது இடிக்காவிட்டால் அது கியர்பாக்ஸ் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் இடி; ஏ.டி.எஃப் (கியர்பாக்ஸ் எண்ணெய்) அளவை, கையேடு சொல்லும் சூட்டில், பாருங்கள்.

அடியில் போகுமுன் ஒன்று. எஃப்-53 மாடல்கள் பலவற்றில் பார்க்கிங் பிரேக் டிரம் கியர்பாக்ஸின் வாலில்தான் இருக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிய கணமே அந்த பிரேக்கும் 'பி'யும் (பார்க் நிலையும்) பயனற்றுப்போய், வண்டி தானாக உருளக்கூடும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் லெவலிங் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கனத்துக்கேற்ற ஸ்டாண்டு வேண்டும்.

ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்குங்கள், தூக்குங்கள். ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டின் கப்பைச் சுற்றிச் செந்தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். இன்ஜின் மவுண்டிங்கைச் சோதிக்க, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டு 'டி'க்கும் 'ஆர்'க்கும் (ரிவர்ஸுக்கும்) மாற்ற, இன்னொருவர் இன்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது.

யோக்கில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சிறு முனை) இருந்தால் வேலை சுலபம். நுனியிலுள்ள சிறு துளையில் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக அடித்து, துளையை விரலால் மூடிக்கொண்டு, மறுமுனை சீல் ஓரத்தில் வரும்வரை மறுபடி அடியுங்கள். பாதியில் நிறுத்தினால் உள்பற்களுக்கு கிரீஸ் போய்ச் சேராது. கண்மூடித்தனமாக அடித்தால் யோக் நுனியின் மூடி பிதுங்கும்.

நிப்பிள் இல்லாவிட்டால் யோக்கை உருவியே ஆகவேண்டும். உருவும் முன் இரு பாதியிலும் நேர்க்கோடாகப் பெயின்ட் அடையாளம் வையுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் ஓட்டத்தில் அதிர்வு வரும். பற்களின் இடுக்கில் பழைய கிரீஸ் பழுப்புச் செதிலாக ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். சில ஷாஃப்ட்டுகளில் பற்களின் மேல் வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கம்பி பிரஷ் பட்டால் அது உரிந்துவிடும். பிறகு பி.டி.எஃப்.இ (டெஃப்லான்) கலந்த கிரீஸை எல்லாப் பற்களிலும் மெல்லப் பூசுங்கள். உள்ளே அடைத்து வைத்தால் யோக் முழுதாக உள்ளே போகாது. யோக் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, கையேடு சொல்லும் டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்குங்கள்.

சில நாட்களிலேயே இடி திரும்பினால் பற்களைத் தடவிப் பாருங்கள். விரல் நகம் தடுக்கும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் இனி எந்த கிரீஸும் நிற்காது; யோக்கையும் அதன் இணைத் தண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.