மாரி விட்டதும் வெளிக்கிடுங்கள்

எங்கள் நடைக்குழுவைப் பற்றிச் சொன்னவுடன் வரும் முதல் கேள்வி, "யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்குப் பனைமரத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது, ரீச்சர்?" என்பதுதான். கேட்பதில் பிழையில்லை. மலை கிடையாது, அருவி கிடையாது. சுண்ணாம்புக்கல் பூமி, பெய்த மழை கீழே இறங்கிக் கிணற்றுக்குள் போய்விடும். ஆனாலும் வாசிகசாலைக்குப் பேப்பர் வாசிக்க வந்த நாலு பேரோடு தொடங்கிய குழு இன்றைக்குப் பதினைந்து பேர். மூத்தவருக்கு 71 வயது. இளையவள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவள். இப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பூவும் அருவியும் பார்க்கப் போக நினைப்பவர்களுக்காக, நான் பட்டுத் தெளிந்ததை எழுதுகிறேன்.

நாள் குறிப்பதில் பிழைத்தால் மற்றது எல்லாம் பிழைக்கும். பாடப்புத்தகத்தில் இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. நானே முப்பது வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். அந்த மாதங்களில் இங்கே கொன்றை மட்டும் மஞ்சளாகத் தொங்கும், நிலத்தில் கிடப்பதெல்லாம் சருகு. எங்களுக்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. ஆகவே தையும் மாசியும்தான் எங்கள் வசந்தம். நான் கலண்டரைப் பார்ப்பதில்லை, கிணற்றைத்தான் பார்ப்பேன். மாரியில் எங்கள் வீட்டுக் கிணற்றில் குனிந்தால் முகம் தெரியுமளவுக்குத் தண்ணீர் ஏறி நிற்கும். அது ஒரு முழம் இறங்கிவிட்டால் வெளியே சேறு காய்ந்துவிட்டது, செடிகளுக்கு ஈரம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று கணக்கு. அடுத்த ஞாயிறு முதல் நடை.

கார்த்திகைப்பூ மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறது. அதைப் பார்க்கக் குழு தேவையில்லை, மழை விட்ட ஒரு காலையில் குடையோடு ஒழுங்கை வேலிகளைப் பார்த்துக்கொண்டு போங்கள். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்து ஏறியிருக்கும். விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ் நாளாக ஆகச் சிவக்கும். பிள்ளைகளோடு போனால் முதலே சொல்லிவைக்க வேண்டும்: கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் நஞ்சு. பார்க்கலாம், படம் எடுக்கலாம், பிடுங்கிக் கொண்டுவந்து வீட்டில் நட நினைக்கவேண்டாம்.

முதல் நடைக்கு நான் எப்போதும் சொல்வது மணற்காடு. வல்லிபுர ஆழ்வார் கோயிலைத் தாண்டிப் போனால் வடமராட்சிக் கிழக்குக் கரையில் மணல் மேடுகள் தொடங்கும். ஏறி இறங்க எங்களிடம் இருக்கும் ஒரே மலை இதுதான், காற்று அடிக்க அடிக்க அதுவும் இடம் மாறும். முதல்முறை போனபோது கோயில் பூசை, பிறகு சாப்பாடு என்று இழுபட்டு 11.30க்குத்தான் மணலில் கால் வைத்தோம். சூடு செருப்பைத் தாண்டி உறைத்தது, அடம்பன் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. இப்போது விடிய 6 மணிக்கு மணலில் நிற்போம், கோயில் திரும்பி வரும்போதுதான்.

அந்த நேரத்தில் அடம்பன் கொடியைப் பார்க்கவேண்டும். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த தடித்த இலை, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த புனல் போன்ற பூ, உள்ளே தொண்டையில் மட்டும் நிறம் கறுத்திருக்கும். கொடியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்திருக்கும். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்த எனக்கே, அதைத் தூக்கிப் பார்த்த அன்றுதான் அந்தப் பழமொழி விளங்கியது. பக்கத்திலேயே இராவணன் மீசை முள்ளுப் பந்துகளாக உருண்டு திரியும். அதற்காகவே மூடிய சப்பாத்து வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவரடியில் இருந்து சாப்பிடலாம், காலையில் கொஞ்ச நேரம் நிழல் கிடைக்கும்.

இரண்டாவது நடை வழுக்கையாற்றுக் கரை. எங்களிடம் ஆறு என்று பெயர் சொல்ல இருப்பது அது ஒன்றுதான், அதுவும் மாரியோடு சரி. அராலிப் பக்கம் வயல் வரம்பில் நடந்தால் அரிவு வெட்டு நடந்துகொண்டிருக்கும். வரம்பில் தும்பை, குட்டைகளில் வெள்ளை அல்லி. அல்லி வெயில் ஏற ஏறக் குவிந்துவிடும், ஆகவே இதற்கும் விடியவே போகவேண்டும். நெடுந்தீவுக்கும் ஒரு நாள் வைக்கலாம், ஆனால் குறிகாட்டுவானில் படகு நேரம்தான் உங்களை நடத்தும், நீங்கள் நடையை நடத்த முடியாது.

எங்கே போனாலும் இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பு. ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் புதுப் பாதை போடக்கூடாது. முகமாலைப் பக்கம் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகளைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும். மற்றது பாம்பு. புல்லுக்குள் கால் வைக்க முன் தடியால் தட்டுங்கள். கடித்தால் கட்டி இறுக்குவது, வெட்டுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். ஆளை அசையாமல் இருத்தி 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

சரி, அருவிக்கு வருவோம். அதற்கு மலைநாட்டுக்குத்தான் போகவேண்டும், வருடத்தில் ஒருமுறை போதும். இதில் எங்கள் பெரிய பிழை ஒரு ஆடி மாத விடுமுறையில் நடந்தது. தியலும அருவி 220 மீற்றர் உயரம் என்று எல்லோருக்கும் ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். பாறையில் வெள்ளை நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கோ ரீச்சர் இரவு முழுக்க வந்தனாங்கள்?" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் யோசித்தேன். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் மழை தலவாக்கலைப் பக்கத்தோடு நின்றுவிடும், தியலும இருக்கும் ஊவாவுக்கு வெறும் காற்றுத்தான் வரும். எங்களுக்கு மழை தரும் வாடைக்காற்றுத்தான் பதுளைப் பக்கத்துக்கும் மழை தருகிறது. ஆகவே எங்கள் கிணறு நிரம்பினால் பதுளையின் துன்ஹிந்த அருவியும் நிரம்பும். ஆனி, ஆடியில் போகத்தான் வேண்டுமென்றால் தலவாக்கலையில் டெவன், சென்கிளேயர் அருவிகள்.

நாங்கள் மாசியில் துன்ஹிந்தவுக்குப் போவோம். இரவு 8 மணிக்கு வான் வண்டியில் வெளிக்கிட்டால் விடியப் பதுளை. இரண்டு சாரதிகள் இல்லாத வானைப் பிடிக்கவேண்டாம், காசு கூடினாலும் பரவாயில்லை. பெண்கள் நிறையப் பேர் வருவதென்றால் எந்த இடத்தில் சுத்தமான கழிப்பறை என்பதை முதலே கேட்டு எழுதிவையுங்கள், ஆண்கள் இதை யோசிக்கவே மாட்டார்கள். வீதியிலிருந்து அருவிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவில் நடை, படிகள் ஈரமாக இருக்கும். 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் புகையாக எழும்பி, பார்க்கும் இடத்திலேயே உடுப்பை நனைத்துவிடும். குளிக்க இறங்கக் கூடாது. சின்ன ஓடைகளில் கால் நனைத்தாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, சுள்ளியும் இலையும் வரத் தொடங்கினால் மேலே எங்கோ மழை. உடனே கரைக்கு. மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள், அருவி ஓடிப்போய்விடாது.

அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத்தைக் காலுறையில் தடவினால் ஓரளவு கேட்கும். சாப்பாட்டுக்குக் காலையில் புட்டும் சம்பலும், வழிக்குப் புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். பிஸ்கட்டைவிட இது பசி தாங்கும், நொறுங்காது, பல் இல்லாதவர்களுக்கு மட்டும் பனங்கட்டி. பூப் பிடுங்குகிறவர் அடுத்த நடைக்கு வரமுடியாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். ஒருமுறை எங்கள் 71 வயதுக்காரருக்கே அதைப் போட்டோம், கோபித்துக்கொண்டு ஒரு மாதம் வாசிகசாலைக்கும் வரவில்லை.

கடைசியாக ஆள் எண்ணுவது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்தான் எண்ணுவேன், "பதினாலு, சரி" என்று சொல்வேன், வான் கிளம்பும். ஒருமுறை தம்புள்ளையில் நான் கை கழுவப் போயிருந்த நேரம் ஏ.எல். பிள்ளை எனக்காக எண்ணினாள். பதினாலு வந்தது. "சரி" என்றாள். வான் கிளம்பிவிட்டது. கடைக்காரர் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்து முடிக்க முன் வான் திரும்பி வந்தது. இப்போது நாங்கள் பதினைந்து என்றுதான் எண்ணுகிறோம்.