பத்திரத்தில் ‘மாமூல் தடம்’ என்று மட்டும் இருந்தால்

கொங்குப் பகுதியின் பழைய நிலப் பத்திரங்களில் சொத்து விவரத்தின் கடைசி வரியில் அடிக்கடி வரும் வாசகம் இது: ‘மாமூல் வண்டித்தட பாத்தியமும் உட்பட’. அதாவது, வழக்கமாக வண்டி போய்வரும் தடத்தில் செல்லும் உரிமையும் சேர்த்து. அந்தத் தடம் எந்தப் புல எண்ணில் நுழைகிறது, எந்த வரப்பை ஒட்டிப் போகிறது, அகலம் எத்தனை அடி என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதியிருக்காது. மாட்டு வண்டிக் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. நெல் அறுக்கும் இயந்திரம் வரப்போரம் வந்து நிற்கிற அன்றுதான் ‘மாமூல்’ ஆறடியா பன்னிரண்டடியா என்ற சண்டை தொடங்குகிறது. வாங்கும்போதே அகலம், நீளம், திசை, எந்தெந்த வண்டிகள் போகலாம் என்பதை எழுதி, வரைபடமும் இணைக்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

பங்கையும் பாத்தியத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. ‘பொதுத்தடத்தில் பாதி’ என்று எழுதியிருந்தால் அந்த மண்ணில் உங்களுக்கும் உடைமை உண்டு. ‘நடந்தும் வண்டி ஓட்டியும் செல்லப் பாத்தியம்’ என்றிருந்தால் மண் பக்கத்துக்காரருடையது. போய்வரும் உரிமை மட்டும் உங்களுடையது. பராமரிப்புச் செலவு இந்த இடத்தில்தான் பிரிகிறது. மூன்று பங்காளிகளின் பொதுக் கிணறு என்றால் தூர் வாரும் கூலியைப் பங்குப்படி பிரித்துக்கொள்வதே முறை. மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருப்பதால் கிணறு அவருடையது ஆகிவிடாது. ஆனால் பிறர் நிலத்தில் போகும் பாத்தியம் அப்படியல்ல. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, பாதையைச் சீராக வைத்திருக்கும் செலவு அதை அனுபவிப்பவருடையது. மழையில் தடம் அரித்துப்போனால் நிலக்காரர் ஒரு கூடை மண்கூடக் கொட்ட வேண்டியதில்லை. மறிக்காமல் இருந்தால் போதும். ‘உங்கள் காடுதானே (நிலம்தானே), நீங்கள் சரிசெய்யுங்கள்’ என்று அவரிடம் போய் நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: பக்கத்துத் தோட்டத்துக்கு அடியில் போகும் உங்கள் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்காமல் விட்டு, கசிவில் அவருடைய மஞ்சள் அழுகினால், நட்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அடுத்தது, ‘இருபது வருடமாகப் போகிறேன், இனி என் வழி’ என்ற நம்பிக்கை. வருடக் கணக்கு மட்டும் போதாது. வெளிப்படையாக, தகராறின்றி, இடைவிடாமல், உரிமையென்று கருதிப் போயிருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். ‘மாமா, இந்தப் பக்கமாகப் போய்க்கொள்ளட்டுமா?’ என்று கேட்டு, அவரும் தலையாட்டி, அதன்படி 40 வருடம் போயிருந்தாலும் அது அனுமதிதான். பொதுவாக அவர் அதைத் திரும்பப் பெறலாம். நிலக்காரருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: பெருந்தன்மையாக வழி விடுகிறவர், அது அனுமதியே என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைக்கலாம். உறவில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும்.

பாகப்பிரிவினையில் பின்பக்கக் காட்டை எடுத்துக்கொண்ட தம்பிக்கு வேறு வழியே இல்லையென்றால், அண்ணன் பாகத்தின் ஊடே போகச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமை அவசியம் இருக்கும் வரைதான். நாளைக்கே அவருடைய காட்டின் மறுபக்கம் ஊராட்சிச் சாலை வந்துவிட்டால், சுற்றுவழியாக இருந்தாலும், அவசியம் தீர்ந்தது, உரிமையும் போயிற்று. பாகப் பத்திரத்திலேயே தடத்தை எழுதி வாங்கியவருக்கு இந்தக் கவலை இல்லை.

கடைசியாக, கோபத்தில் செய்யும் தவறு. வேலி போட்டு மறித்துவிட்டார் என்று பொக்லைன் இயந்திரத்தோடு போய்ப் பிடுங்கி எறிவது. பாத்தியம் உங்களுடையதாகவே இருந்தாலும், தடையை நீங்களாக அகற்றக்கூடாது என்கிறது வசதியுரிமைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு. உரிமையியல் நீதிமன்றத்தில்தான் பரிகாரம் கேட்க வேண்டும். அதிலும் தாமதம் ஆகாது: அந்த இருபது ஆண்டு அனுபவம், வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று வேலிக்கு வெளியே மூன்று பொங்கலைக் கடத்தியவருக்கு, அந்த இருபது வருடம் கணக்கில் வராமலே போகலாம்.