வேப்பிலைச் சாறு கிருமியைத் தடுக்கிறதா? ஆய்வகத்தில் சோதிக்கும் முறை

இலை பறிக்கும்போதே பூவுள்ள கிளை ஒன்றையும் அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் இனத்தை உறுதிசெய்து, உலர்தாவரகத்தில் (காய்ந்த தாவர மாதிரிகளைச் சேமிக்கும் இடம்) கொடுத்து மாதிரி எண் வாங்கிவிடுங்கள். எது எந்தச் செடி என்ற சந்தேகம் வந்தால் பிந்தைய உழைப்பெல்லாம் வீண்.

இலை நொறுங்கும் பதம் வரும்வரை நிழலில் உலர்த்திப் பொடியுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். 50 கிராம் பொடிக்கு 70 சதவீத எத்தனால் 500 மில்லி. மூடிய குடுவையில் 48 மணி நேரம், அவ்வப்போது குலுக்கி ஊறவிட்டு, வடிதாளில் வடிகட்டுங்கள். சுழல் ஆவியாக்கியில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வற்றவைத்து, எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். எத்தனால் தங்கிவிட்டால் கிருமியைக் கொல்வது வேம்பா, சாராயமா என்று சொல்ல முடியாது.

கிடைத்த பசையில் 100 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ-வில் (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பான்) கரையுங்கள். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள முல்லர்-ஹின்டன் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊடகம்), 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலைக் கொண்டு கிருமியின் அளவைக் குறிக்கும் அளவுகோல்) அளவுக்குக் கலங்கிய ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவுங்கள். 6 மில்லிமீட்டர் துளையிட்டுச் சாற்றுக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னொரு துளையில் வெறும் டிஎம்எஸ்ஓ, மற்றொன்றில் ஆன்டிபயாடிக் கட்டாயம். 37 டிகிரியில் 18 மணி நேரம் வளரவிடுங்கள். குறைந்தது மூன்று தட்டுகள்.

துளையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் பெரிதென்றால் மருந்து வலியது என்று எழுதிவிடாதீர்கள். நீரில் எளிதில் கரைவது அகாரில் தூரம் பரவும். எண்ணெய்த்தன்மை உள்ளது துளையருகே நின்றுவிடும். வலிமையை அறிய, திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் காணுங்கள். சாற்றின் பச்சை நிறம் கலங்கலை மறைப்பதால் ரெசசூரின் சாயம் சேர்ப்பார்கள்: உயிருள்ள கிருமி நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். சாற்றிலுள்ள பொருள்களும் தாமாகவே அப்படி மாற்றக்கூடும் என்பதால், கிருமி சேர்க்காத சாறு ஒரு குழியில் இருக்கட்டும்.