ஆர்கான் அழுத்தம் மாறினால் காந்தப் படலம் எப்படி மாறும்? பெர்மல்லாயில் ஒரு முதல் சோதனை

ஒரே டார்கெட், ஒரே தடிமன். ஸ்பட்டரிங் சேம்பரில் (ஆர்கான் அயனிகள் டார்கெட் என்ற உலோகத் தட்டை அடிக்க, தெறிக்கும் அணுக்கள் படலமாகப் படியும் வெற்றிட அறை) ஆர்கான் அழுத்தத்தை மட்டும் மாற்றி இரண்டு படலங்கள் போடுங்கள். ஒன்றின் காந்தத்தை ஓரிரு ஓர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அலகு) புலத்திலேயே திருப்பிவிடலாம். இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு கேட்கும். வேதியியல் அநேகமாக மாறவில்லை. மாறியது அணுக்கள் அடுக்கிக்கொண்ட விதம்தான். அதைத்தான் இந்தச் சோதனையில் பார்க்கப் போகிறோம்.

பெர்மல்லாயை (நிக்கல் 80, இரும்பு 20) நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. காந்தமாக்கும்போது நீளம் மாறும் குணம் இந்தக் கலவையில் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் படலத்தில் உள்ள தகைவு (உள்ளே நிற்கும் இழுப்பு அல்லது அமுக்கம்) அளவீட்டை அதிகம் குழப்பாது. தனி நிக்கலில் தொடங்கினால் தகைவின் விளைவு எது, படிக அமைப்பின் விளைவு எது என்று பிரிக்கவே சிரமம்.

படி 1: சப்ஸ்ட்ரேட்

படலம் படியும் அடித்தட்டுதான் சப்ஸ்ட்ரேட். ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் போதும். அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு நைட்ரஜன் ஊதல். ஒரு துண்டில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். படலம் போட்ட பிறகு அசிட்டோனில் மையைக் கரைத்தால் ஒரு படிக்கட்டு கிடைக்கும்; அதன் உயரம்தான் தடிமன். காந்த அளவீட்டுக்குப் போகும் துண்டுகளை ஸ்டீல் இடுக்கியால் தொடவே வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் இரும்புத் தூசி சிக்னலைக் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: வெற்றிடம்

இதில் அவசரப்படாதீர்கள். 10⁻⁶ மில்லிபாரில் சேம்பரில் மிஞ்சியிருக்கும் வாயு, ஒரு பரப்பை ஓர் அணு அடுக்கு அளவுக்கு மூடச் சில விநாடிகளே போதும். விநாடிக்கு 0.1 நானோமீட்டர் வேகத்தில் உலோகம் படிந்தால், ஓர் உலோக அடுக்குக்கும் ஏறத்தாழ அதே நேரம்தான். அதாவது நீர் மூலக்கூறுகளும் உலோக அணுக்களும் போட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்கின்றன. ஒட்டிய ஆக்சிஜன் படிகத்துகள்களின் எல்லைகளில் தங்கி, காந்தத்தைத் திருப்புவதைக் கடினமாக்கும். குறைந்தது 10⁻⁷ மில்லிபார் வட்டாரத்துக்கு இறக்குங்கள். முக்கியமாக, எல்லாப் படலங்களுக்கும் ஒரே அளவு வெற்றிடத்தில் தொடங்குங்கள்.

படி 3: டார்கெட்

பெர்மல்லாய் தானே ஒரு காந்தப் பொருள் என்பதால் மேக்னட்ரானின் (டார்கெட்டின் பின்னால் காந்தங்கள் வைத்து பிளாஸ்மாவைப் பிடித்து வைக்கும் அமைப்பு) புலத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். டார்கெட் தடிமனாக இருந்தால் பிளாஸ்மா நிற்காது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமன் நல்லது. ஷட்டரை மூடி வைத்துச் சில நிமிடங்கள் ஓட்டினால் மேலே உள்ள ஆக்சைடு போய்விடும்.

படி 4: அழுத்தத்தை மாற்றுவது

3×10⁻³, 6×10⁻³, 1.2×10⁻², 2.4×10⁻² மில்லிபார் என நான்கு அழுத்தங்கள். பவர், டார்கெட்டுக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்கும் உள்ள தூரம், சப்ஸ்ட்ரேட் வைக்கும் திசை மூன்றும் மாறக் கூடாது. தடிமன் எல்லாவற்றுக்கும் 50 நானோமீட்டர். அழுத்தம் மாறினால் படியும் வேகமும் மாறும். ஆகவே ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேகத்தை முதலில் தனியாக அளந்துகொள்ளுங்கள். ஏறுவரிசையில் போடாமல் கலைத்துப் போடுங்கள், கடைசியில் முதல் படலத்தை மறுபடி போடுங்கள். டார்கெட் தேய்ந்ததால் வந்த மாற்றம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். ஒவ்வொன்றின் மேலும், சேம்பரைத் திறக்காமலே, 3 நானோமீட்டர் டான்டலம் மூடி போடுங்கள்.

சரி, இந்த அழுத்தம் உள்ளே என்ன செய்கிறது? 5×10⁻³ மில்லிபாரில் ஆர்கான் அணு ஒன்று மோதாமல் போகும் தூரம் சுமார் 1 சென்டிமீட்டர். 2×10⁻² மில்லிபாரில் சில மில்லிமீட்டர்தான். டார்கெட்டிலிருந்து கிளம்பும் உலோக அணு, குறைந்த அழுத்தத்தில் சில மோதல்களோடு வந்து சேர்வதால் அதனிடம் ஆற்றல் மிச்சம் இருக்கும். பரப்பில் நகர்ந்து நல்ல இடம் தேடி உட்காரும். டார்கெட்டில் பட்டுத் திரும்பும் ஆர்கானும் படலத்தைத் தட்டி இறுக்கும். இதனால் படலம் அடர்த்தியாகவும் வழவழப்பாகவும் அமையும். தகைவு அமுக்கும் பக்கம் சாயும்.

அழுத்தம் கூடினால் அணு வழியிலேயே களைத்துப்போய், பல கோணங்களிலிருந்து வந்து, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் மேடு பக்கத்துப் பள்ளத்துக்கு வரவேண்டிய அணுக்களை மறைக்கிறது. தென்னந்தோப்பு மாதிரி தூண்கள் எழும்பி, இடையில் வெற்றிடங்கள் விழுகின்றன. தகைவு இழுக்கும் பக்கம் போகும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்து இந்த அமைப்புகளை 1974-ல் ஜான் தார்ன்டன் மண்டலங்களாகப் பிரித்து வரைந்த படத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். ஆய்வகச் சுவரில் ஒட்டி வைக்கவேண்டிய படம் அது.

படி 5: எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு)

தாமிரக் கதிரில் பெர்மல்லாயின் (111) படிகத் தளத்தின் உச்சி 44.2° அருகில் வரும். 69° பக்கம் பெரிதாக எழுவது சிலிக்கான். அதைப் படலத்தின் உச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சியின் அரை உயர அகலம் 0.6° என்றால் ஷெரர் சமன்பாட்டின்படி (உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடுவது) படிகத்துகள் சுமார் 14 நானோமீட்டர். கருவியால் வரும் அகலத்தை முதலில் கழித்துவிடுங்கள். வழக்கமான ஸ்கேனில் கிடைப்பது செங்குத்து அளவு மட்டுமே. தூண்களின் குறுக்களவு வேண்டுமென்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான்.

படி 6: தயக்கக் கண்ணி

புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் வளைவுதான் தயக்கக் கண்ணி. பெர்மல்லாயின் தெவிட்டிய காந்தமாக்கம் (புலத்தைக் கூட்டினாலும் இதற்குமேல் ஏறாத அளவு) சுமார் 800 இ.எம்.யு/செ.மீ³; இ.எம்.யு என்பது காந்தத் திருப்புத்திறனின் அலகு. 5×5 மில்லிமீட்டர் துண்டில் 50 நானோமீட்டர் படலம் என்றால் மொத்தம் 10⁻³ இ.எம்.யு. அதிர்வு மாதிரி காந்தமானி இதை எளிதாகப் பிடிக்கும். ஆனால் அதன் மின்காந்தத்தில் மிஞ்சி நிற்கும் புலமே சில ஓர்ஸ்டெட் இருக்கலாம். அது நீங்கள் தேடும் காந்த நீக்குத்திறனைவிட (காந்தத்தைத் திருப்பத் தேவையான புலம்) பெரிது. புலத்தை மின்னோட்டத்திலிருந்து கணக்கிடாமல் ஹால் புரோபால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகே மெதுவாக நகருங்கள்.

படலத் தளத்திலேயே 0°, 90° என இரண்டு திசைகளிலும் அளவிடுங்கள். ஒன்றில் சதுரமும் இன்னொன்றில் சாய்கோடும் வந்தால் படலத்துக்கு எளிய அச்சு (காந்தம் எளிதாக நிற்கும் திசை) உருவாகியிருக்கிறது. படியும்போது மேக்னட்ரானிலிருந்து கசிந்த புலமே பல நேரம் இதற்குக் காரணம்.

அதிக அழுத்தப் படலங்களில் கண்ணி அகலமாகும். படி 4-ல் சொன்ன தூண்களும் இடைவெளிகளும், களங்களை (காந்தம் ஒரே திசையில் நிற்கும் பகுதிகள்) பிரிக்கும் சுவர்களின் நகர்வைத் தடுக்கின்றன. தெவிட்டிய மதிப்பும் குறைந்தால், இடைவெளிகளால் உலோகத்தின் அளவே குறைந்ததா, ஆக்சிஜன் புகுந்ததா என்று பாருங்கள். அப்புறம், அதே அழுத்தத்தில் 300 நானோமீட்டர் படலம் ஒன்றும் போடுங்கள். கண்ணி நடுவில் சட்டென்று திரும்பி, தெவிட்டும்வரை நீண்ட சாய்கோடாகப் போனால், தூண்கள் காந்தத்தைத் தளத்துக்கு வெளியே இழுக்கத் தொடங்கிவிட்டன என்று சந்தேகிக்கலாம். காந்த விசை நுண்ணோக்கியில் வரிவரியான களங்கள் தெரிந்தால் அது உறுதி.